பட்டறையிலிருந்து வந்த வண்டியில் பெட்ரோல் வாடை: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, ரிப்பேருக்குப் பிறகு எரிபொருள் கசிவது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், மற்றதை எல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன், அது அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை.

கேள்வி: ஐயா, எங்கள் காருக்குப் பதினோரு வயது. போன வாரம் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றினோம். மெக்கானிக் எங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்தவர்தான். மூன்று நாள் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை டேங்கை நிரப்பிக்கொண்டு மவுண்ட் எட்ஜ்கம்ப் கோவிலுக்குப் போய்வந்தோம், திரும்பும்போது பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் தலை வலிக்கிறது என்றார்கள். மறுநாள் காலையில் கராஜைத் திறந்தால் வாடை மூக்கைத் துளைக்கிறது, பின் சக்கரத்துப் பக்கம் தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "மாத்தும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும், ரெண்டு நாள்ல போயிடும், இல்லாட்டி ஓட்டிக்கிட்டு வாங்க, பாக்கிறேன்" என்கிறார். அவர் பட்டறை இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு போகலாமா? வண்டிக்குக் கண் பட்டுவிட்டது, கற்பூரம் சுற்றி ஏற்ற வேண்டும் என்று என் மாமியார் வேறு நிற்கிறார்.
சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: அம்மா, ஓட்ட வேண்டாம். ஆறு கிலோமீட்டர் என்ன, தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம். சாவியையே திருப்பாதீர்கள், ஏனென்றால் சாவியைத் திருப்பிய உடனே, இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, பம்ப் ஓரிரு வினாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும். கசிவு குழாய்ப் பக்கம் இருந்தால் அந்த ஓரிரு வினாடியிலேயே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் வெளியே வந்துவிடும்.

சிந்தியது போய்விடும் என்று அவர் சொல்வது தப்பில்லை, ஆனால் அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. சிந்திய பெட்ரோல் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் ஆவியாகிவிடும், வாடையும் நேரம் ஆக ஆகக் குறையும். உங்களுக்கு மூன்று நாள் வாடையே இல்லாமல் இருந்து, டேங்கை நிரப்பிய அன்றைக்கு வந்திருக்கிறது, கூடவே தரையில் ஈரம். அப்படியென்றால் அது இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது.

முதலில் கராஜைப் பார்ப்போம், வண்டி அப்புறம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போவதில்லை, தரையோடு படுத்துத் தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போகும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது, டர்பன் ஜூலைக் குளிர்காலம் எல்லாம் அதற்குக் குளிரே இல்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்துவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். சாட்ஸ்வர்த்தில் மேட்டில் கட்டிய வீடுகளில் கராஜ் கீழேயும் படுக்கை அறை அதற்கு மேலேயும் இருப்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கராஜில் டீப் ஃப்ரீசர் இருக்கிறதா என்று போனில் கேட்டேன், இருக்கிறது என்றீர்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஃப்ரீசரின் மோட்டார் தரையை ஒட்டி இருக்கும், தானாக ஓடும், தானாக நிற்கும், ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் சுவிட்சில் பொறி வரலாம், ஆவியும் அந்த உயரத்தில்தான் கிடக்கும். அதற்காகக் கராஜுக்குள் போய்ப் பிளக்கைப் பிடுங்காதீர்கள், பிடுங்கும்போதும் பொறி வரும். லைட் சுவிட்சும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் மெயின் போர்டில் கராஜுக்கான சுவிட்சைத் தட்டிவிடுங்கள். மோட்டார் வைத்த கதவு என்றால் ரிமோட்டை அழுத்தாமல், மோட்டார் பக்கத்திலிருந்து தொங்குகிற கயிற்றை இழுத்து விடுவித்து, கையால் தூக்குங்கள். கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்று கால் மணி நேரம் காற்று ஓட விடுங்கள். பேட்டரி ஒயரை உள்ளே வைத்துக் கழற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், டெர்மினலை இழுக்கும்போது வருகிற பொறி வெறும் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் இரண்டு பேராகச் சேர்ந்து, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியைத் தள்ளி வெளியே சமதரையில் நிறுத்துங்கள், சக்கரத்துக்குச் செங்கல் வையுங்கள். சாக்கடை மூடி, மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் சாவி போடாமல் கியர் நகராது, ஆனால் பல வண்டிகளில் கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடியும் அதற்குள் அழுத்துகிற பொத்தானும் இருக்கும், வண்டிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அதுவும் தெரியவில்லை என்றால் வண்டியை அங்கேயே விட்டு, கதவைத் திறந்தே வைத்து, பிள்ளைகளை மேல் அறையில் படுக்க வைக்காமல் அக்கம்பக்கத்தில் விடுங்கள்.

தரையில் இருப்பதை ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவாதீர்கள். பெட்ரோல் தண்ணீர் மேலே மிதந்துகொண்டு கீழ் வீட்டுக்காரர் முற்றத்துக்குப் போய்விடும். மணலைக் கொட்டி உறிஞ்ச வைத்து, ஒரு தகர டின்னில் அள்ளி, வெளியே திறந்த வெளியில் வையுங்கள். லோட் ஷெடிங் வந்தால் கராஜில் மெழுகுவத்தி, கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டுகிற பழக்கம் நிறைய வீட்டில் இருப்பதால் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, புது வண்டி வந்த அன்றைக்கு நானும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வெளியே எடுப்பேன். ஆனால் இப்போது அந்த வண்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றக் கூடாது, சாம்பிராணி கூடாது, முற்றத்து விளக்கும் அந்தப் பக்கம் இருந்தால் இன்றைக்கு அதை வீட்டுக்குள் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். பழத்தைக் கையால் சுற்றிப் போடட்டும், நெருப்பு வண்டி சரியான பிறகு. பெரியவர்களிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் மனசு கேட்காது, கூட்டிப்போய் அந்த ஈரத்தைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நெருப்பே பிடித்துவிட்டால் வண்டியைப் பார்க்காதீர்கள், ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். மொபைலிலிருந்து 112, இல்லாவிட்டால் 10177. தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெட்ரோல் அதன் மேல் மிதந்து நெருப்போடு பரவும். உலர்ந்த பொடி அடிக்கும் தீயணைப்பான் சின்ன நெருப்புக்கு உதவும். ஒன்று வாங்கிக் கராஜுக்குள் மாட்டாமல் கராஜுக்குப் போகிற வழியில் மாட்டி வையுங்கள்.

சரி, கசிவு எங்கே? பம்ப் மாற்றிய வண்டியில், டேங்க் நிறைந்தால் கசிந்து, பாதியில் கசியாவிட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது பம்பு மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை. உங்கள் வண்டியில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு தகர மூடி இருக்கும், அதற்குக் கீழே டேங்கின் வாய், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். பம்ப் அந்த வாய் வழியாக இறங்கும், மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் மரை வளையம் அதை அழுத்திப் பிடிக்கும், நடுவில் ரப்பர். பத்து வருடம் பெட்ரோல் ஆவியில் ஊறிய ரப்பர் வெளியே எடுத்த உடனே உப்பிவிடும். அதை மறுபடி அதே பள்ளத்தில் உட்கார வைக்கப் பார்த்தால் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கம் மடிந்து பிதுங்கும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. டேங்க் பாதிதான் இருந்தால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வராது, கசியாது. முழுக்க நிரப்பி ஏற்ற இறக்கத்தில் ஓட்டினால் அலைந்து அந்த மடிப்பில் வந்து வழியும், ஆவி பின் சீட்டுக்கு அடியிலிருந்து நேராக உள்ளே வரும். பிள்ளைகளுக்குத் தலைவலி வந்தது அதனால்தான். தலைவலி இன்னும் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொரு இடமும் உண்டு, பம்பு தலையில் மாட்டும் குழாயின் கிளிப். அது சரியாகப் பூட்டாமல் இருந்தால் டேங்கில் எவ்வளவு இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது மட்டும் கசியும், நின்றதும் குறையும். மெக்கானிக்கிடம் "நிரப்பிய பிறகுதான் வந்தது, நின்ற வண்டியிலும் ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும். வெளியில் நிறுத்திய வண்டியில், டேங்கிலிருந்து கொஞ்சம் இறக்கிவிட்டு, புது ரப்பர் வளையம் போட்டு இறுக்குவது ஒரு மணி நேர வேலை. புது வளையம் என்று அழுத்திச் சொல்லுங்கள், மரை வளையத்தின் பல் தேய்ந்திருந்தால் அதுவும் புதுசு. ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இறுகுவதும் இல்லை, பொறியும் வரும். வர முடியாது என்றால் ரோல்பேக் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டியை இழுத்துப்போகும் உதவி சேர்ந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். சரிசெய்த பிறகு டேங்கை முழுக்க நிரப்பிப் பார்க்காமல் அவரை அனுப்பாதீர்கள், பாதி டேங்கில் பார்த்தால் எதுவும் தெரியாது. நிரப்பும்போது பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்கும் தம்பியிடம் முதல் "டக்" சத்தத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பில் தொகையை முழு ராண்டாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள், அது ஆவி போகிற குழாயில் ஏறி வேறொரு வாடையைக் கிளப்பும்.

கேள்வி: இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் குழாய் மாற்றிய ஐந்தாவது வாரம் மறுபடி கசிகிறது. அதே பட்டறைக்குப் போனால் திரும்ப லேபர் சார்ஜ் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: வேண்டாம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 57-ஆம் பிரிவு. பழுதுபார்க்கும்போது போட்ட புதுப் பாகத்துக்கும், புதுப்பித்துப் போட்ட பாகத்துக்கும், அதைப் பொருத்திய வேலைக்கும் மூன்று மாதம் பொறுப்பு அவர்களுடையது. அவர்களாக எழுதிக் கொடுத்தால் அதற்கு மேலும் போகலாம். நீங்கள் வண்டியைத் தவறாகக் கையாண்டிருந்தால்தான் அது செல்லாது, கசிகிற குழாய்க்கு அந்தப் பேச்சே இல்லை. உங்களுக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. அதே சட்டத்தில் 67-ஆம் பிரிவு, கழற்றிய பழைய பாகத்தை அவர்கள் எடுத்து வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும், நீங்களாக வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பழைய குழாயையும் வளையத்தையும் ஒரு பையில் வாங்கி வைத்தால் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது அப்படியே தெரிந்துவிடும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைப் புதுசு போட்டேன் என்கிறவர் பழைய ஓ-ரிங்கைக் காட்ட முடியவில்லை என்றால் நீங்கள் அடுத்த கேள்வி கேட்கலாம்.

முதலில் பட்டறைக்கு எழுத்தில் சொல்லுங்கள், தேதி, பில் எண், படம், எல்லாவற்றோடும். பில் கொடுக்காத தெரிந்த மெக்கானிக் என்றால் வாட்ஸ்அப்பில் பேசியதும் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டும் போதும் ஆதாரத்துக்கு, சட்டம் பெரிய பட்டறைக்கு மட்டும் இல்லை, காசு வாங்கி இதையே தொழிலாகச் செய்கிற எவருக்கும் பொருந்தும். அதற்கும் மசியவில்லை என்றால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், மியோசா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் பட்டறையிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றுதான் அவர்களும் முதலில் கேட்பார்கள், அதனால்தான் எழுத்தில் இருக்கட்டும் என்கிறேன். பட்டறைச் சுவரில் ஆர்.எம்.ஐ. என்ற மோட்டார் தொழில் சங்கத்தின் உறுப்பினர் பலகை மாட்டியிருந்தால் அந்தச் சங்கத்திடமும் போகலாம்.

சண்டை போடுகிற நாட்களில் வண்டியை ஓட்டாதீர்கள். கசிகிறது என்று தெரிந்தே ஓட்டினால் உங்கள் பேச்சின் பலமும் குறையும், இன்ஷூரன்ஸ்காரரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: அண்ணா, நான் கற்றுக்கொண்டு என் பழைய வண்டிக்குப் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். ஒரு பக்கக் குழாய் நுனி வெடித்திருந்ததால் வீட்டில் இருந்த ரப்பர் ஹோஸை வெட்டி மாட்டி, சாதாரணக் கிளிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து முத்து முத்தாகக் கோர்த்து நிற்கிறது. கிளிப்பை இறுக்கினால் இன்னும் அதிகம் ஒழுகுகிறது. என்ன தப்பு?
பீனிக்ஸ் வாசகர்

பதில்: தம்பி, கற்றுக்கொண்டு செய்வது நல்லது, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று ஹோஸ். கறுப்பாக இருக்கிற ரப்பர் ஹோஸ் எல்லாம் பெட்ரோல் ஹோஸ் இல்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும் செய்த ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊறிக் கொழகொழத்துவிடும். பெட்ரோல் ஹோஸிலும் வகை உண்டு, மேலே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், ஆர்6, ஆர்7, ஆர்9 என்று. கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்6-ம் ஆர்7-ம் சரி, அங்கே அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் குழாய்க்குள் அழுத்தம் மூன்று பார், அதற்கு மேலும் இருக்கும், உன் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான், அதைவிட அதிகம் என்று நினைத்துப் பார். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் முங்கிக் கிடக்கிற ஹோஸ் வேறு வகை, அதற்கு ஆர்10. ஆர்9 உள்ளேயிருந்து வருகிற பெட்ரோலைத் தாங்கும், வெளித் தோல் எப்போதும் பெட்ரோலில் ஊறுவதற்குச் செய்ததில்லை.

இன்னொன்று கிளிப். பட்டையில் வரிசையாகத் துளை போட்ட சாதாரண ஸ்க்ரூ கிளிப் இறுக்க இறுக்க, அந்தத் துளையின் விளிம்பு ரப்பரைக் கத்தி மாதிரி வெட்டும். இறுக்கினால் அதிகம் ஒழுகுகிறது என்றாயே, அதுதான் காரணம், கழற்றிப் பார், ஹோஸ் மேலே வரிவரியாக வெட்டு விழுந்திருக்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கென்றே ஓரம் மடித்த, துளை இல்லாத கிளிப் விற்கிறார்கள், விலையும் பெரிதாக இல்லை. ஹோஸை நேராக வெட்டி, குழாயின் நுனியில் வளையம் மாதிரி இருக்கும் மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளி, கிளிப்பை மேட்டுக்கு அந்தப் பக்கம் வை. மேட்டுக்கு மேலேயே கிளிப் வைத்தால் நிற்காது. ஃபில்டரில் ஒரு அம்பு போட்டிருக்கும், அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்கு. பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓட விடுவது வழக்கமான முறை, ஆனால் இப்போது கசிகிற வண்டியில் அதைச் செய்யாதே. ஒரு ராத்திரி வெளியே நிற்க விட்டு, மறுநாள் குளிர்ந்த இன்ஜினில், கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகக் கழற்று. முகத்தை நேர் எதிரே வைக்காதே.

முப்பது வருடத்துக்கு முன் டர்பனில் ஒரு பட்டறையில் நான் வேலை செய்தபோது, போல்ட் போட்டு மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை மாற்றினேன். அதற்கு இரண்டு செப்பு வாஷர் புதுசு போட வேண்டும், ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது. கடையில் அன்றைக்கு இல்லை, பழையதையே போட்டேன். ஓட்டிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. மறுநாள் அந்த டீச்சரம்மா திரும்பக் கொண்டுவந்தார்கள், வாடை வருகிறது என்று. தூக்கிப் பார்த்தால், செம்மண் அப்பிக் கிடந்த அடிப்பாகத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது, ஃபில்டரிலிருந்து பின்னால் சைலன்சர் பக்கம் வரைக்கும். அந்தம்மா அந்த வண்டியில் இரண்டு பிள்ளைகளோடு என்3 நெடுஞ்சாலையில் வந்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கிலிருந்து எந்தப் பெட்ரோல் இணைப்பைத் தொட்டாலும், வேலை முடிந்து இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் வெள்ளைக் காகிதத் துண்டைப் பிடிப்பேன், பத்து நிமிடம் கழித்து மறுபடி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி. கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரிந்துவிடும். நீயும் செய், ஓடுகிற விசிறி பெல்ட் பக்கமும் சூடான சைலன்சர் பக்கமும் கையை விடாமல் பார்த்துச் செய், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு. உன் வண்டியின் அடியிலும் அந்தத் துடைத்த கோடு இருக்கிறதா என்று பார், கசிவின் ஆரம்பம் அந்தக் கோட்டின் முன் நுனியில் இருக்கும். ஓட்டும்போது காற்று பின்னால் அடிப்பதால் சொட்டு விழுகிற இடம் கசிகிற இடமாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மட்டும் பானெட் பக்கமிருந்து பெட்ரோல் வாடை. சொட்டு எதுவும் இல்லை. பட்டறையில் காட்டினால் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள்.
லெனேசியா வாசகர்

பதில்: உங்கள் பக்கத்துக் குளிர்காலக் காலையில் தரையில் வெண்பனி உறையும். நீங்கள் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. இன்ஜெக்டரின் மேல் பக்க ஓ-ரிங் பழையதாகக் கெட்டிப்பட்டிருந்தால், அல்லது எண்ணெய் தொடாமல் காய்ந்த ரப்பரை அழுத்திச் செருகியபோது ஓரம் கிழிந்திருந்தால், குளிரில் சுருங்கிக் கசியும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும், கசிந்த கொஞ்சமும் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்க்கும் நேரத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ரோல்பேக்கில் ஏற்றிச் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிடுங்கள், ராத்திரி அங்கேயே நிற்கட்டும், காலையில் குளிர்ந்தபடியே பானெட்டைத் திறந்து அவர்கள் சாவியைத் திருப்பிப் பார்க்கட்டும். எட்டு ஓ-ரிங்கும் புதுசு போட்டார்களா என்று கேளுங்கள், நாலு சிலிண்டருக்கு மேலே நாலு, கீழே நாலு. வேலைக்காகக் கழற்றிய, டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிச் சட்டிக்குப் போகிற குழாயை மாட்ட மறந்திருந்தாலும் சொட்டு இல்லாமல் வாடை மட்டும் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வாடை பானெட்டிலிருந்து வராமல் சைலன்சரிலிருந்து, கறுப்புப் புகையோடு வந்தால் அது வேறு கதை, இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது.

கேள்வி: எங்கள் டீசல் பிக்கப் வண்டியில், பக்கியில், இன்ஜெக்டர் வேலை செய்து வந்ததிலிருந்து இன்ஜின் மேல் பக்கம் டீசல் புகை மாதிரி மூடுகிறது. கரும்பு ஏற்றுகிற நேரம், நிறுத்த முடியாது. டீசல் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்காதே, இன்ஜினை ஓட விட்டுக் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?
குவாடுகுசா வாசகர்

பதில்: கையை விடாதீர்கள் ஐயா. இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

டீசல் சாதாரண வெயிலில் பெட்ரோல் மாதிரி பற்றாது, அது சரி. ஆனால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகிற இரும்புக் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், பல வண்டிகளில் 1600, 2000 வரைக்கும் போகும். ஊசித் துளை அளவு கசிவிலிருந்து வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாது, கையுறையைத் துளைத்துத் தோலுக்குள்ளே போய்விடும். புகை மாதிரி தெரிகிறது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பயம், அது புகையாக இருக்காது, பொடிப்பொடியாகத் தெறிக்கும் டீசல், சைலன்சருக்குப் புகை போகிற சூடான மேனிஃபோல்டில் பட்டால் அதுவும் எரியும்.

இன்ஜினை நிறுத்துங்கள், ஆற விடுங்கள். நின்ற இன்ஜினில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரம் எங்கே என்று தெரியும். மேலே இருக்கும் மெல்லிய திரும்பு குழாய்களின் கிளிப் அல்லது ஓ-ரிங் என்றால் சின்ன வேலை, இன்ஜெக்டர் வேலைக்குப் பிறகு அது அடிக்கடி வரும். கெட்டியான இரும்புக் குழாயின் நட்டுப் பக்கம் என்றால் நீங்கள் ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது, பல கம்பெனிகள் அந்தக் குழாயைக் கழற்றினாலே புதுசு போடச் சொல்கின்றன. பழைய டீசல் வண்டியில் காற்று எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிப்போமே, அந்தப் பழக்கத்தை இந்த இன்ஜினுக்குக் கொண்டுவராதீர்கள். செய்த பட்டறைக்காரரைத் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏற்றி அனுப்புங்கள். இரண்டு நாள் வேறு பக்கி வாடகைக்கு எடுத்தாலும் சரி.

ஏற்கெனவே யாராவது தடவிப் பார்த்து, விரலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். முதலில் வலிக்காது, சில மணி நேரத்தில் வீங்கும், தாமதமானால் விரலையே எடுக்க வேண்டிவரும். வீட்டு வைத்தியம் வேண்டாம், சின்ன கிளினிக் வேண்டாம், அறுவை சிகிச்சை செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே போய், "அதிக அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளே போயிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஊசி குத்தின காயம் என்று மட்டும் சொன்னால் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.